கிராமத்தைக் காப்பது செயலியா, அக்கம்பக்கமா?

பெரிய நோய் ஒன்று வந்து ஓய்ந்த பிறகு கிராமங்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சு எழும். ஒரு சாரார், "ஊர் ஊராக இணையம் கொண்டுபோய், ஆளுக்கொரு செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும்" என்பார்கள். இன்னொரு சாரார், "கிராமத்து ஜனங்கள் ஒற்றுமையானவர்கள், எது வந்தாலும் தாங்கிக்கொள்வார்கள்" என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டில் எதை நம்பித் திட்டம் போட்டாலும், பிழைத்திருக்க வேண்டிய உயிர்கள் போகும். அதனால்தான் இதை நிதானமாக, அடியிலிருந்து சொல்ல நினைக்கிறேன். படிப்பவருக்கு மருத்துவமோ கணினியோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தாங்குவது வேறு, பொறுத்துக்கொள்வது வேறு

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நெருக்கடியைத் தாங்கும் ஆற்றலுக்கு மீள்திறன் என்று பெயர். அடி விழும்போது அவசியமான வேலைகள் நின்றுபோகாமல் இருப்பதும், அடி ஓய்ந்தபின் பழையபடி எழுந்து நிற்பதும் சேர்ந்ததுதான் மீள்திறன்.

இதைப் பல பேர் பொறுமையோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு ஊரில் பத்துப் பேர் காய்ச்சலில் செத்து, யாரும் சத்தம் போடவில்லை என்றால் அந்த ஊர் தாங்கியது என்று அர்த்தம் இல்லை. அந்த ஊரின் குரல் எங்கேயும் எட்டவில்லை என்றுதான் அர்த்தம். தாங்கிய ஊர் என்றால், காய்ச்சல் பரவிக்கொண்டிருக்கும்போதே பிரசவங்கள் ஒழுங்காக நடந்திருக்கும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள், காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவருக்கு மாத்திரை தவறாமல் கிடைத்திருக்கும். 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா என்ற கொடிய தொற்றுநோய் பரவியபோது இவையெல்லாம் தடுமாறின. மக்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே பயந்தார்கள். எபோலா தொடாத வீடுகளில் மலேரியாவுக்கும் பிரசவச் சிக்கலுக்கும் உயிர்களைப் பறிகொடுத்தார்கள்.

எல்லாமே நேரக் கணக்கு

நெருக்கமாக வீடுகள் இருக்கும் ஒரு வரிசையில், ஒரு கூரையில் தீப்பொறி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாராவது புகையை மோப்பம் பிடிக்க வேண்டும். "தீ, தீ" என்று கத்த வேண்டும். கத்துவதை நம்பி மற்றவர்கள் தண்ணீரோடு ஓடிவர வேண்டும். அவர்களால் முடியாதபோது தீயணைப்பு வண்டி வர வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வரிசை முழுக்க எரியும்.

தொற்றுநோயும் அப்படித்தான். ஒருவர் வாரத்துக்கு இரண்டு பேருக்கு நோயைக் கொடுக்கிறார், அந்த இருவரும் அடுத்த வாரம் ஆளுக்கு இரண்டு பேருக்குக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரத்தில் கண்டுபிடித்தால் மொத்த நோயாளிகள் 7 பேர். பன்னிரண்டாவது வாரத்தில் கண்டுபிடித்தால் 4,095 பேர். நோய் அதேதான், மருந்தும் அதேதான். தகவல் வந்த நாள் மட்டும்தான் வேறு.

நிஜத்திலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. எபோலா கினியா நாட்டின் மெலியாண்டு என்ற சின்னக் கிராமத்தில் 2013 டிசம்பரில் ஒரு குழந்தையிடம் தொடங்கியதாக ஆய்வாளர்கள் பின்னால் கண்டறிந்தார்கள். வந்திருப்பது எபோலா என்று உறுதியானது 2014 மார்ச்சில். இடையில் போன மூன்று மாதங்களில் நோய் ஊர் தாண்டி, தலைநகரையே எட்டிவிட்டது. ஓய்வதற்குள் 28,600-க்கு மேற்பட்டவர்களைத் தாக்கி, 11,300-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது.

இந்த மாதிரி அனுபவங்களால்தான் 2021-இல் பொதுச் சுகாதார வல்லுநர்கள் ஒரு இலக்கை முன்வைத்தார்கள்: நோய் தலைகாட்டிய 7 நாளுக்குள் கண்டுபிடிப்பது, 1 நாளுக்குள் உரிய அதிகாரிகளுக்குச் சொல்வது, அடுத்த 7 நாளுக்குள் முதல்கட்ட நடவடிக்கையை முடிப்பது. சுருக்கமாக 7-1-7. இந்த மூன்றில் முதல் 7 நாள்தான் கிராமத்துக்குக் கஷ்டமானது. ஏனென்றால் அங்கே ஆய்வுக்கூடம் கிடையாது, மருத்துவர் பெரும்பாலும் கிடையாது. "இந்த மாதம் மூணு வீட்டில் ஒரே மாதிரி சாவு விழுந்திருக்கே" என்று ஒரு மனிதர் கவனிப்பதில்தான் எல்லாமே ஆரம்பிக்கிறது.

தொற்று இல்லாத நோய்களுக்கும் இதே நேரக் கணக்குதான். 1994-இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிரசவத்தில் பெண்கள் ஏன் இறக்கிறார்கள் என்பதை மூன்று தாமதங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். சேர்ந்தபின் சரியான சிகிச்சை கிடைப்பதில் தாமதம்.

நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போகிறது என்று நினைத்துப் பாருங்கள். "கொஞ்ச நேரம் பார்க்கலாம், நின்றுவிடும்" என்று வீட்டில் பெரியவர் ஒருவர் சொல்கிறார். அடுத்த வீட்டிலிருந்து வந்தவர் படுக்கையில் நனைந்த துணிகளைப் பார்த்துவிட்டு, "இது நிற்கிற ரத்தம் இல்லை, கிளம்புங்கள்" என்கிறார். அவர் சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பு உண்டு. அதனால் கிளம்புகிறார்கள். முதல் தாமதம் அங்கே உடைந்தது. வண்டி வைத்திருப்பவரை எழுப்ப வேண்டும், வழியிலேயே ஆஸ்பத்திரிக்குத் தகவல் போக வேண்டும். அது இரண்டாவது. அங்கே அந்த ரத்த வகை கையிருப்பில் இருக்க வேண்டும். அது மூன்றாவது. எந்தச் செயலியும் முதல் தாமதத்தைத் தனியாக உடைக்காது. எவ்வளவு பாசமுள்ள அண்டை வீட்டாரும் மூன்றாவதைத் தனியாக உடைக்க முடியாது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: நெருக்கடியைத் தாங்குவது என்பது, முதல் அறிகுறிக்கும் சரியான உதவிக்கும் நடுவில் கரையும் நேரத்தைக் குறைப்பது. கிராமத்தில் அந்த நேரம் இயல்பாகவே நீளம். அதைக் குறைக்க ஆட்களும் வேண்டும், கருவிகளும் வேண்டும்.

ஊர் உறவு என்பது ஒரே சரக்கு இல்லை

"ஒற்றுமை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சமூக அறிவியலாளர்கள் அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். அவற்றை நான் கட்டு, பாலம், ஏணி என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.

கட்டு என்பது குடும்பம், நெருங்கிய சொந்தம், ஒரே தெருக்காரர்கள். படுத்துக்கிடக்கும்போது கஞ்சி கொண்டுவருபவர்கள் இவர்கள். பாலம் என்பது வேறு தெரு, வேறு ஊர், வேறு தொழில் ஆட்களோடு இருக்கும் பழக்கம். ஏணி என்பது அதிகாரம் உள்ள இடத்தோடு இருக்கும் தொடர்பு: செவிலியர், மாவட்ட சுகாதார அதிகாரி, ஆம்புலன்ஸ் அனுப்புபவர்.

கிராமங்களில் கட்டு பலமாக இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கண்ணில் படுவதும் அதுதான். ஆனால் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒரே விஷயங்கள்தான் தெரிந்திருக்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் இதை அழகாகச் சுட்டிக்காட்டினார். புதுச் செய்தி நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்கள் வழியாகத்தான் அதிகம் வந்து சேர்கிறது என்றார். வேலை தேடியவர்களை வைத்து அவர் சொன்னது, நோய்ச் செய்திக்கும் பொருந்தும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் வாந்திபேதி என்ற செய்தியைக் கொண்டுவருவது சொந்தக்காரர் இல்லை, வாரம் ஒருமுறை வந்துபோகும் வியாபாரி.

ஏணி இல்லாத ஊரின் நிலைமை இன்னும் கொடுமை. கட்டு பலமாக இருக்கும். எல்லோரும் கூடி அழுவார்கள், கூடித் தூக்குவார்கள், கூடிப் புதைப்பார்கள். மேலே ஒரு தகவல் போகாது. மெலியாண்டுவில் ஆட்கள் ஒருவரையொருவர் கவனிக்காமல் விடவில்லை. மிக நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். அவர்கள் கவனித்ததைக் கேட்டுப் பதிவுசெய்ய மேலே வலுவான ஏற்பாடு இல்லை.

தொழில்நுட்பம் உண்மையில் செய்வது என்ன

தொழில்நுட்பம் என்றதும் எல்லோருக்கும் கைப்பேசிதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு மின்சாரமே வேண்டாம்.

தடுப்பூசி மருந்துகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் கை வரை அந்தக் குளிர் விட்டுப்போகாமல் கொண்டுவரும் ஏற்பாட்டுக்குக் குளிர்பதனச் சங்கிலி என்று பெயர். கிராமத்துக்கு வரும்போதுதான் இந்தச் சங்கிலி அடிக்கடி அறுபடும். குப்பியைப் பார்த்தால் மருந்து கெட்டிருக்கிறதா என்று தெரியாது. 1996-இல் போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் வந்தது. வட்டத்துக்குள் ஒரு சதுரம். வட்டம் எப்போதும் ஒரே நிறம். சதுரம் வெளிறிய நிறத்தில் தொடங்கி, வெப்பம் படப்படக் கருத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். ஆற்றைக் கடந்து மூன்று மணி நேரம் நடந்து வந்த ஒரு பணியாளர், மரத்தடியில் பெட்டியைத் திறந்து, குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்து அந்தச் சதுரத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. நல்ல தொழில்நுட்பம் என்றால் எனக்கு இதுதான். முடிவெடுக்கும் பலத்தைக் கடைசியில் நிற்கும் ஆளின் கையில் கொடுக்கிறது.

கருவிகள் கிராமத்துக்குச் செய்யும் பெரிய உதவி தூரத்தைச் சுருக்குவதுதான். ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா மலைநாடு, சாலைகள் சுற்றிச் சுற்றிப் போகும். அங்கே 2016 அக்டோபர் முதல் ட்ரோன்கள் மூலம் ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தப் பைகள் போகின்றன. மேலே சொன்ன மூன்றாவது தாமதத்தை இது நேரடியாக உடைக்கிறது. தொலைமருத்துவமும், அதாவது தூரத்தில் இருக்கும் மருத்துவரைத் திரை வழியாகப் பார்ப்பதும், இதே வேலையைத்தான் செய்கிறது. அப்புறம், நினைவு வைத்துக்கொள்வதும் ஒரு உதவி. எந்த வீட்டுக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி, யாருக்கு மாத்திரை தீரப்போகிறது என்பதை ஒரு சாதாரணக் கைப்பேசிப் பட்டியல் மறக்காமல் சொல்லும்.

இன்னொன்று, சிதறிக்கிடப்பதைச் சேர்த்துக் காட்டுவது. ஒரு ஊரில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஆற்றங்கரையில் உள்ள எட்டு ஊர்களிலும் இரண்டிரண்டு பேர் என்று ஒரே திரையில் தெரிந்தால், அது தண்ணீரால் வந்தது என்று உடனே சந்தேகம் தட்டும். ஊர்த் தன்னார்வலர்கள் இப்படிப்பட்ட அறிகுறிகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பி, சுகாதாரத் துறை அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் முறைக்குச் சமூகவழி நோய்க் கண்காணிப்பு என்று பெயர். தன்னார்வலர் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "காய்ச்சலும் தடிப்பும், 3 குழந்தைகள்" என்றால் போதும்.

ஆக, கட்டு ஏற்கெனவே இருக்கிறது. தொழில்நுட்பம் வலுவாக்குவது பாலத்தையும் ஏணியையும்தான். ஆனால் ஏணியின் மேல்முனையில் ஒரு ஆள் இருக்க வேண்டும். குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்து, அதைப் படித்து, கிளம்பி வர யாரும் இல்லை என்றால், அனுப்பியவர் மூன்றாவது முறை அனுப்ப மாட்டார். கண்காணிப்புத் திட்டங்களைச் சத்தமில்லாமல் சாகடிப்பது இந்தப் பதில் வராமைதான்.

செய்தி வந்தால் போதாது, நம்ப வேண்டும்

முன்பின் தெரியாத எண்ணிலிருந்து "தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்று ஒரு செய்தி வந்தால் எத்தனை பேர் விறகைப் பற்றவைப்பார்கள்? அதே சொல்லை, போன வருடம் உங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் வாசலில் நின்று சொன்னால்? கருவி சொல்லை ஊருக்குள் கொண்டுவரும். அதை வீட்டுக்குள் விடுவது நம்பிக்கை.

எபோலாவில் இது ரத்தத்தால் எழுதப்பட்ட பாடம். இறந்தவரைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்புவது அங்கே வழக்கம். எபோலாவில் இறந்தவரின் உடலிலிருந்தும் நோய் தொற்றும். ஆரம்பத்தில் முழுக் கவச உடை போட்ட ஆட்கள் வந்து, உடலைப் பையில் போட்டுத் தூக்கிப்போனார்கள். மருத்துவக் கணக்குப்படி சரிதான். ஆனால் குடும்பங்கள் உடல்களை மறைக்க ஆரம்பித்தன, இரவில் ரகசியமாகப் புதைத்தன. 2014 செப்டம்பரில் கினியாவின் வோமே என்ற கிராமத்தில், எபோலா பற்றி விளக்கச் சென்ற குழுவில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். நோயைக் கொண்டுவருவதே இவர்கள்தான் என்று ஊர் நம்பியது.

அந்த வருடம் நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களோடும் தொண்டு அமைப்புகளோடும் சேர்ந்து "பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்" என்ற நெறிமுறையை வெளியிட்டது. குடும்பத்தாரோடு முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் விரும்பும் துணியையோ பொருளையோ உடலோடு வைக்கலாம். தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம். கவச உடை அப்படியே இருந்தது. பையும் அப்படியே இருந்தது. கேட்டுச் செய்தார்கள் என்பதுதான் மாற்றம். பயத்தில் மூடிக்கிடந்த பல கதவுகளைத் திறந்தது அந்த மாற்றம்.

கருவியும் நம்பிக்கையும் கைகோத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நரம்புச் சிலந்தி நோயைப் பார்க்கலாம். இதற்குத் தடுப்பூசியும் கிடையாது, குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. அசுத்தமான குட்டைத் தண்ணீரைக் குடித்தால், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒரு மீட்டர் நீளம் வரையுள்ள புழு, பெரும்பாலும் காலில் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், புழு தன் குஞ்சுகளை அதில் விட்டுவிடும். 1986-இல் வருடத்துக்கு சுமார் 35 லட்சம் பேருக்கு இது வந்தது. எதிர்த்து நின்ற கருவி என்ன தெரியுமா? தண்ணீரை வடிகட்டும் மெல்லிய கண்ணித் துணி. ஆனால் அந்தத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனால் போதாது. ஊருக்கு ஒரு தன்னார்வலர் வேண்டும். புழு வெளிவந்த 24 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து, கட்டுப்போட்டு, "புண் ஆறும்வரை குட்டையில் இறங்காதே" என்று சொல்லி, அதைக் கேட்கவைக்க வேண்டும். 2023-இல் உலகம் முழுக்க இந்த நோய் வந்த மனிதர்கள் 14 பேர்.

உறவே எதிராகத் திரும்பும்போது

உறவுகளைப் பற்றி உயர்வாகச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. நோய் நடந்துபோகும் பாதையும் அதே உறவுதான். சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் கூடும் கூட்டம்தான் தொற்றுக்கும் வாசல். வதந்தியும் நம்பிக்கையானவர் வாயிலிருந்து வந்தால்தான் வேகமாக ஓடும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது ஒளிப்பு. எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்ற ஊரில், காசநோய் வந்தவர் வெளியே சொல்லப் பயப்படுவார். பெண் கொடுக்க மாட்டார்கள், பாத்திரத்தைத் தனியாக வைப்பார்கள் என்ற பயம். ஊருக்குள் இருப்பவரே தகவல் சேகரிப்பவராக இருக்கும்போது, ரகசியம் காப்பதை அவருக்கு முதல் பாடமாகச் சொல்லித்தர வேண்டும். கைப்பேசியில் பெயர்ப் பட்டியல் இருந்தால் அதற்குப் பூட்டு வேண்டும். பட்டியல் ஒருமுறை வெளியே கசிந்தால், பிறகு அந்த ஊரில் ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

கட்டுக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. புதிதாகக் குடிவந்தவர்கள், பிழைப்புக்காக வந்து ஊர் எல்லையில் தங்கியிருப்பவர்கள், சண்டையில் ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பம், தனியாக இருக்கும் முதியவர். ஊர் ஒற்றுமையாக இருக்கிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த ஒற்றுமைக்குள் யார் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். நோய் முதலில் அங்கேதான் கவனிப்பில்லாமல் வளரும். இங்கே கருவி ஒரு நல்ல வேலை செய்யும்: வீடு வீடாக எடுத்த கணக்கு, பழகியவர்களை மட்டும் நினைவில் வைக்காது.

கருவிகளுக்கும் குறை உண்டு, அது எல்லோருக்கும் தெரிந்ததே. புயல் அடித்தால் சிக்னல் போகும், கரண்ட் போகும், வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால் அது பெரும்பாலும் ஆண் கையில் இருக்கும். நெருக்கடிக்கு முன்பே காகிதத்தில் ஒரு பிரதி எடுத்துவைத்த ஊர் பிழைத்துக்கொள்ளும்.

நடுவில் நிற்கும் அந்த ஒருவர்

இவ்வளவு நேரம் பேசியதில் ஒரு ஆள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறார். குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தவர், குறுஞ்செய்தி அனுப்பியவர், வாசலில் நின்று சொன்னவர். சமூக சுகாதாரப் பணியாளர் என்று இவரைச் சொல்வார்கள். ஊரிலேயே வாழ்ந்து, குறுகிய காலப் பயிற்சி பெற்று, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் வேலை செய்பவர். எத்தியோப்பியாவில் இதற்காகவே ஊருக்குள்ளிருந்து இளம் பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சம்பளத்தோடு வேலை கொடுத்தார்கள். இந்தியாவில் 2005-இல் தொடங்கிய ஆஷா என்ற சமூக சுகாதாரப் பணியாளர் திட்டத்தில் இப்போது ஏறக்குறைய பத்து லட்சம் பேர். 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது.

கட்டு, பாலம், ஏணி மூன்றும் இவர் ஒருவரின் உடம்பில் வந்து சேர்கின்றன. புதுச் செயலி வந்தாலும் பதிவு செய்வது இவர்தான், பழைய நோட்டும் இவர்தான் எழுத வேண்டும். பல இடங்களில் இரண்டையும் சேர்த்து எழுதவைக்கிறார்கள். பகல் முழுக்க நடந்துவிட்டு, இரவில் உட்கார்ந்து ஒரே விவரத்தை இரண்டு தடவை ஏற்றுகிறார். நெருக்கடி வந்தால் இந்த வேலை இரண்டு மடங்காகும்.

2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் இவர்களைப் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதல், வேலைக்கு ஏற்ற ஊதியம் கொடுக்கச் சொன்னது. செய்த வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகையை மட்டும் நம்பவைக்கக் கூடாது என்றும் சொன்னது. காரணம் நமக்கும் எளிதாகப் புரியும். ஒரு பிரசவத்துக்கு இவ்வளவு, ஒரு ஊசிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், தனியாக இருக்கும் முதியவரின் கதவைத் தட்டி "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதற்கு எந்தக் கட்டத்திலும் தொகை இருக்காது. அடுத்த காய்ச்சல் வரும்போது அந்தக் கதவு இவருக்காகத் திறப்பது, இப்படி எந்தக் கணக்கிலும் வராமல் போய்த் தட்டிய நாட்களால்தான்.